அமைதிக்கு மாச வாடகை எவ்வளவுங்க?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வரும். பி.காம். படிக்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்குறீங்க? :-)

போன மாசம் செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வர்ற பஸ்ல எனக்கு ஜன்னல் சீட். ரோட்டோரமா கம்பி வேலி போட்ட ஒரு கரம்பு நிலம். நடுவுல பெரிய பிளெக்ஸ் போர்டு. வெள்ளை முடி வெச்ச ஒரு தாத்தாவும் பாட்டியும் புல்தரையில உக்காந்து டீ குடிக்கிறாங்க. (நம்ம ஊர் வெயில்ல புல்தரை! நடத்துங்க.) கீழ "ஓய்வுக் காலத்துக்கு ஓர் அமைதியான இல்லம்"னு எழுதி சதுர அடி ரேட் போட்டிருந்தாங்க.

2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள்னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. பதினொண்ணு மகாராஷ்டிராவுல இருக்கு. தமிழ்நாட்டுக்கு ஒண்ணே ஒண்ணு, நம்ம செஞ்சிக் கோட்டை. எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனா அந்த போர்டைப் பார்த்தப்ப எனக்குக் கோட்டை ஞாபகம் வரல. எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பெரியப்பா சென்னையில ஒரு தனியார் கம்பெனியில கணக்குப் பிரிவுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். 2020 கடைசியில ஓய்வு. ஒரே பொண்ணு, ஓசூர்ல ஒரு படுக்கையறை வீட்டுல இருக்கா. பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து கையில 22 லட்சம். பென்ஷன் மாசம் 2,800 ரூபாய்.

"என்ன, வெறும் 2,800-ஆ?"ன்னு கேக்குறீங்கள்ல? தனியார் ஊழியருக்கான 1995 பென்ஷன் திட்டத்தோட சூத்திரம் இதுதான்: சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். சம்பளம்னா நீங்க வாங்குற நிஜ சம்பளம் இல்ல, அதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பர் வரைக்கும் 6,500, அதுக்கப்புறம் 15,000. முழுசா 15,000 வெச்சு 35 வருஷத்துக்குப் போட்டாலும் 7,500-தான் வரும். அதே 2014-ல குறைந்தபட்ச பென்ஷன் 1,000-ன்னு நிர்ணயம் பண்ணாங்க. ஆயிரம் ரூபாயில இன்னிக்கு ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினா மிச்சத்துக்கு மளிகைக் கடைக்குப் போய் வரலாம், அவ்வளவுதான்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் கேட்டது மாளிகை இல்ல. சத்தம் இல்லாத இடம், ரெண்டு வேளை நல்ல சாப்பாடு, ராத்திரி நெஞ்சு வலின்னா கதவைத் தட்ட ஒரு ஆள். கோயமுத்தூர் பக்கம் அப்படி ஒரு "ஓய்வில்லம்" கிடைச்சுச்சு (பேரு வேணாம்). டெபாசிட் 8 லட்சம், சாப்பாடு சேர்த்து ரெண்டு பேருக்கு மாசம் 11,000. மிச்சம் 14 லட்சத்தை போஸ்ட் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டார். 2021-ல அதுக்கு வட்டி 7.4 சதவீதம். மாசக் கணக்குக்கு 8,633 ரூபாய். பென்ஷனும் சேர்த்தா 11,433. இல்லத்துக்குக் கட்டினது போக கையில 433.

அடுத்த வருஷம் மாசக் கட்டணம் 12,500. அதுக்கடுத்த வருஷம் 14,000. காரணம் கேட்டா காய்கறி விலை, ஆள் கூலி, "நிர்வாக முடிவு". வட்டி? அந்தத் திட்டத்துல பணம் போட்ட அன்னிக்கு என்ன வட்டியோ அதுதான் அஞ்சு வருஷத்துக்கும். 2023 ஏப்ரல்ல அரசாங்கம் வட்டியை 8.2 ஆக்குச்சு, ஆனா பெரியப்பா பணத்துக்கு அதே 7.4-தான். நாங்க முதல் வருஷத்துலயே படிச்ச விஷயம்தான் இது: வரவு உறைஞ்சு நிக்குது, செலவு மட்டும் உசுரோட வளருது. அப்படி ஒரு கடை இருந்தா எத்தனை நாள்ல மூடுவாங்கன்னு பரீட்சையில கேட்டா எழுதிடுவோம். கடைக்குப் பதிலா ரெண்டு மனுஷங்கன்னா?

கிளம்பிடறோம்னு சொன்னார். "உங்க ரூமுக்கு வேற ஆள் வந்தப்புறம்தான் டெபாசிட்"னாங்க. பதினொரு மாசம் ஆச்சு. பத்து சதவீதம் கழிச்சுக்கிட்டுதான் கொடுத்தாங்க. எண்பதாயிரம் போச்சு. ஒப்பந்தத்துல எழுதியிருந்துச்சாம். பொடி எழுத்துல.

இதை காலேஜ்ல சொன்னப்ப என் நண்பன் ஒருத்தன் (இதைப் படிப்பான், மச்சி கோவிச்சுக்காத) ஒரு யோசனை சொன்னான்: "அமெரிக்காவுல மாதிரி ஒரு வீட்டு வண்டி வாங்கிடணும்டா. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளயே. பிடிச்ச இடத்துல நிறுத்திக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்." யூடியூப் பார்த்து கெட்டுப் போன தலைமுறை நாம. 2021-ல சிறந்த படத்துக்கு ஆஸ்கர் வாங்குன 'நோமேட்லேண்ட்' பார்த்திருப்பீங்க. ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் வேன்லயே வாழ்வாங்க, அமேசான் கிடங்குல பெட்டி கட்டுவாங்க. படத்துல வர்ற பல பேர் நிஜமாவே வண்டியில வாழ்றவங்க. சூரிய அஸ்தமனம் அழகா இருந்துச்சுதான். ஆனா அறுபது வயசுக்கு மேல ஒருத்தங்க ஏன் கிடங்குல பெட்டி கட்டணும்? அந்தக் கேள்வியை விட்டுட்டு அஸ்தமனத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா எப்படி?

வீட்டு வண்டி வாழ்க்கையோட சூட்சுமம் என்னன்னா, வண்டி உங்களுது, அது நிக்குற தரை உங்களுது இல்ல. மாசக்கணக்குல நிறுத்தணும்னா அதுக்குன்னு இருக்குற பார்க்ல இடத்துக்கு வாடகை கட்டணும். தண்ணி, கரண்ட், கழிவுநீர் இணைப்பு எல்லாம் அவங்க கொடுக்கறது. பார்க் கைமாறினாலோ, சும்மா இருந்த ஊர் திடீர்னு டூரிஸ்ட் ஊர் ஆனாலோ வாடகை ஏறும். பல பார்க்குகள்ல பத்து வருஷத்துக்கு மேல பழசான வண்டியை உள்ளயே விடமாட்டாங்க. அதாவது உங்களுக்கும் வயசாகும், வண்டிக்கும் வயசாகும், ரெண்டையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாங்க.

எங்க பெரியப்பாவுக்கு நடந்ததும் இதேதான். சக்கரம் மட்டும்தான் இல்ல.

ஆனா அதே அமெரிக்காவுல ஒரு நல்ல உதாரணமும் இருக்கு. அரிசோனா பாலைவனத்துல குவார்ட்ஸைட்னு ஒரு சின்ன ஊர். பக்கத்துல லா போசான்னு மத்திய அரசோட நிலம். செப்டம்பர் நடுவுலேருந்து ஏப்ரல் நடு வரைக்கும் ஏழு மாசம் உங்க வண்டியை அங்க நிறுத்திக்கலாம். முழு சீசனுக்கும் பல வருஷமா 180 டாலர்தான் கட்டணம் வெச்சிருந்தாங்க. மாசத்துக்கு 26 டாலர் கூட வரல. குளிர்காலம் வந்தா வடக்கேருந்து ஓய்வு பெற்றவங்க வண்டி வண்டியா வந்து இறங்குவாங்க. வசதி குறைவுதான், ஆனா அமைதி உண்டு, விலையும் கட்டுப்படி. ஏன் கட்டுப்படி ஆகுது? அந்த நிலத்துல யாரும் லாபம் பார்க்க வேண்டியதில்ல. அவ்வளவுதான் ரகசியம்.

என் கட்சி இதுதான் மக்களே: அமைதியும் மலிவும் ஒண்ணா கிடைக்கணும்னா, வயசானவங்க காலுக்குக் கீழ இருக்குற தரை யாரோட லாபக் கணக்குலயும் இருக்கக் கூடாது. தரை வியாபாரமா இருக்குற வரைக்கும் "அமைதி"ங்கறது விலை ஏத்தறதுக்கான ஒரு விளம்பர வார்த்தை மட்டும்தான்.

இப்ப எதிர்க்கட்சிக்கு வருவோம்.

முதல் ஆள்: "பெத்தவங்களை வீட்டுல வெச்சுப் பார்த்துக்க வேண்டியதுதானே? முதியோர் இல்லமா? ச்சீ!" சினிமா பார்த்து கண் கலங்குறவங்க கட்சி. ஐயா, எங்க அக்கா பார்த்துக்க மாட்டேன்னு சொல்லல. ஒரு படுக்கையறை வீட்டுல அவ, அத்தான், ரெண்டு பசங்க. "அங்க போனா நாங்க ஹால்ல படுக்கணும், இல்ல அவங்க ஹால்ல படுக்கணும். ரெண்டும் எனக்குப் பிடிக்கல தம்பி"ன்னு பெரியம்மா சொன்னாங்க. இதுல யாரு கெட்டவங்க? தனியா, மரியாதையா இருக்கணும்னு ஆசைப்படறதை அனாதை ஆனதா பார்க்குறது நம்ம பார்வைக் கோளாறு.

ரெண்டாவது ஆள்: "அரசாங்கம்தான் சட்டம் போட்டிருக்கே." போட்டிருக்கு. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதோட 19-வது பிரிவுல மாவட்டத்துக்குக் குறைஞ்சது ஒரு முதியோர் இல்லம், குறைஞ்சது 150 பேருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வார்த்தையை கவனிங்க. மாநில அரசு அமைக்"கலாம்". அமைக்கணும்னு இல்ல. அப்புறம் அது "ஆதரவற்ற வறிய" முதியவங்களுக்கு. 22 லட்சம் வெச்சிருக்குற எங்க பெரியப்பா அந்த வாசப்படியில கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, அது இல்லாதவங்களுக்கான இடம். அரை கோடி கொடுத்து வில்லா வாங்கறவங்களுக்கு கோயமுத்தூர்ல தொண்டாமுத்தூர், வடவள்ளின்னு வரிசையா இருக்கு. நடுவுல இருக்குறவங்களுக்கு? மில்லு, கம்பெனி, சின்ன கடைன்னு வாழ்ந்துட்டு இருபது லட்சத்தோட நிக்குறவங்களுக்கு? பூஜ்யம்.

மூணாவது ஆள் எங்க டிபார்ட்மெண்ட்லயே இருக்கான்: "மார்க்கெட் பார்த்துக்கும். கிராக்கி இருந்தா சப்ளை வரும்." வருமே, போர்டு வந்துடுச்சே! ஆனா மார்க்கெட் சரியா வேலை செய்யணும்னா வாங்குறவனால கடையை மாத்த முடியணும். சோப்பு சரியில்லன்னா அடுத்த மாசம் வேற சோப்பு. எழுபது வயசுல, டெபாசிட் மாட்டிக்கிட்டு, சக்கரை மாத்திரை டப்பாவோட கடையை மாத்துங்க பார்ப்போம். வெளிய போற வழி அடைச்சிருந்தா அது போட்டிச் சந்தை இல்ல, எலிப்பொறி. மாசக் கட்டணம் வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினா ஒம்போது வருஷத்துல ரெண்டு மடங்கு (72-ஐ 8-ஆல வகுங்க). அறுபதுல உள்ள போறவர் அறுபத்தொம்போதுல டபுள் கட்டணும், அதே வட்டியில.

2019 மார்ச்ல மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வில்லங்களுக்குன்னு மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டுச்சு. கட்டடம் எப்படி இருக்கணும், மருத்துவ உதவி என்ன இருக்கணும், குடியிருக்கறவங்க உரிமை என்ன எல்லாம் பேசுது. ஆனா அது மாநிலங்களுக்கு ஒரு வழிகாட்டிதான், சட்டம் இல்ல. மாநிலம் எடுத்துக்கிட்டு விதியா ஆக்கினாதான் பல் முளைக்கும்.

இன்னொரு சுவாரசியம், நம்ம பாடத்துலேருந்து. 2018 ஜூலையில ஒரு ஜி.எஸ்.டி. அறிவிப்பு வந்துச்சு. அரசோ, வருமான வரிச் சட்டத்துல பதிவு பண்ணின அறக்கட்டளையோ நடத்துற முதியோர் இல்லத்துல, அறுபது வயசு ஆனவங்ககிட்ட தங்குறது, சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாசம் 25,000 வரைக்கும் வாங்கினா வரி கிடையாது. அதாவது காசு கட்டித் தங்குற, ஆனா லாபத்துக்கு நடத்தாத முதியோர் இல்லம்னு ஒரு பிறவி சட்டத்துல ஏற்கெனவே இருக்கு. வரி விலக்கு கூட ரெடி. இல்லம்தான் போதுமான அளவுக்கு இல்ல.

சரி, குறை சொல்லிட்டே இருந்தா எப்படி, உன் பிளான் என்னடான்னு கேப்பீங்க. சொல்றேன்.

பேரூராட்சி நிலம். விக்கக் கூடாது, வாடகைக்கு மட்டும். வீடு 300 சதுர அடி போதும்: ஒரு அறை, சமையல் மேடை, கைப்பிடி வெச்ச பாத்ரூம், எல்லாம் தரைத்தளம். உத்தேசமா சதுர அடிக்கு 2,000 போட்டா கட்டட செலவு 6 லட்சம். 8 சதவீத வட்டியில இருபது வருஷக் கடன்னா மாசத் தவணை 5,019. பராமரிப்புக்கு இன்னும் ஒரு 700, 800. அரசாங்கம் சல்லிக்காசு மானியம் தர வேணாம், நிலத்தை மட்டும் கொடுத்தா போதும். அதுவும் பட்டா போட்டு இல்ல. ஆறாயிரத்துக்குள்ள வாடகை. வாடகை உயர்வு விலைவாசிக் குறியீட்டோட கட்டப்பட்டிருக்கணும், "நிர்வாக முடிவு"ங்கற வார்த்தையே ஒப்பந்தத்துல இருக்கக் கூடாது. டெபாசிட் மூணு மாச வாடகை, காலி பண்ணினா அறுபது நாள்ல திரும்ப வரணும். ஆள் வந்தாலும் வராட்டியும்.

அரசாங்கத்தால இதெல்லாம் நடத்த முடியுமான்னு சிரிக்காதீங்க. வேலைக்குப் போற பெண்களுக்கு "தோழி" விடுதிகளை இதே தமிழ்நாடு அரசுதான் நடத்துது. விழுப்புரத்துலயே ஒண்ணு இருக்கு. இலவசம் இல்ல, காசு கட்டித்தான் தங்குறாங்க. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுக்கு முடியறது எழுபது வயசுப் பாட்டிக்கு ஏன் முடியாது? "சொந்தமில்லாத வீட்டுல எவன் இருப்பான்"னு கேக்குறவங்க நம்ம மாவட்டத்துலயே இருக்குற ஆரோவில்லைப் பாருங்க. அங்க வீடு கட்டக் காசு போட்டவருக்கே வீடு சொந்தமில்ல. சொத்து ஃபவுண்டேஷனோடது. அங்க ஆயிரம் சண்டை உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனாலும் பல பேர் பல வருஷமா அப்படி வாழ்ந்துட்டுதான் இருக்காங்க.

ஏன் அனந்தபுரம் மாதிரி ஊர்? செஞ்சியில அரசு மருத்துவமனை இருக்கு, பெரிய வியாதின்னா முண்டியம்பாக்கத்துல மருத்துவக் கல்லூரி. 2021-லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சக்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. இங்க முழு அமைதின்னு பொய் சொல்ல மாட்டேன், ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப ஸ்பீக்கர் காதைப் பிளக்கும். :-) ஆனா வருஷத்துல மிச்ச நாள் ராத்திரி ஒம்போதுக்கு மேல நாய் குரைக்கறது மட்டும்தான் கேக்கும். படுத்த படுக்கை, ஞாபக மறதி நோய் இதுக்கெல்லாம் இந்தத் திட்டம் பத்தாது, அதுக்கு நர்ஸ் இருக்குற வேற ஏற்பாடு வேணும். நடமாடறவங்களுக்காவது முதல்ல செய்வோமே.

இது தாத்தா பாட்டி பிரச்சினை, நமக்கென்னன்னு நினைக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. மத்திய புள்ளியியல் துறையோட மதிப்பீட்டுல 2021-ல தமிழ்நாட்டு மக்கள்ல அறுபது தாண்டினவங்க 13.6 சதவீதம், 2031-ல 18.2 ஆகும். அதாவது நூத்துக்குப் பதினெட்டு பேர். அந்தப் பதினெட்டுல உங்க அப்பா அம்மாவும் இருப்பாங்க.

பெரியப்பா இப்ப எங்க அடுத்த தெருவுல மாடியில இருக்கார். வாடகை 3,500. பதினெட்டு படி. பெரியம்மாவுக்கு முட்டி வலி, வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல கீழ இறங்கறதில்ல. வீட்டுக்காரர் மகன் பெங்களூர்லேருந்து வர்றாராம், தைக்குள்ள காலி பண்ணணும். நானும் பெரியப்பாவும் சேர்ந்து நாலு வீடு பார்த்துட்டோம். மூணு இடத்துல ஒரே பதில்: "வயசானவங்களா? ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா வீட்டுலதானே போடுவீங்க... தப்பா நினைக்காதீங்க." பெரியப்பா தப்பா நினைக்கல. "அவங்க சொல்றதும் நியாயம்தாண்டா"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல.

போர்டுல இருக்குற தாத்தா பாட்டி டீ குடிச்சுட்டே இருக்கட்டும். அனந்தபுரத்துலயோ செஞ்சியிலயோ தரைத்தளத்துல, அறுபத்தஞ்சு வயசுக்காரங்களுக்குத் தர்ற மாதிரி ஒரு வீடு இருந்தா சொல்லுங்க. 4,000 வரைக்கும் கட்டுவார்.